தென்காசிச் சீமையில் கொசுவும் குடிநீரும்

குற்றாலம் என்னும் பெயரைச் செவியுற்றவுடன் நம் உள்ளத்தில் முதற்கண் எழுவது நீரின் நினைவேயாகும். ஆனி, ஆடி, ஆவணித் திங்கள்களில் மேல்காற்று மலைக் கணவாயின் வழியே புகுந்து சாரல் தூவ, பேரருவியும் ஐந்தருவியும் புலியருவியும் பொங்கி வீழ்வதைக் காணப் பல திசைகளினின்றும் மக்கள் திரள்கின்றனர். சிற்றாறு அம்மலையிற் பிறந்து, தென்காசியைக் கடந்து, கீழ்த்திசை நோக்கி ஓடித் தாமிரபருணியைக் கூடுகின்றது. இத்துணை நீர்வளம் அருகே அமைந்த நாட்டில், மக்கள் தம் வீட்டினுள் நீரைச் சேமித்து வைத்ததே ஒரு கொடிய காய்ச்சலுக்கு ஏதுவாயிற்று என்று கூறின், அறியாதார் நகைப்பர். ஆயினும் அஃது உண்மையே. 2012-ஆம் ஆண்டில் இச்சீமையிற் பரவிய டெங்குக் காய்ச்சலையும், அதனைத் தடுப்பான் வேண்டிச் சுகாதார வல்லுநர்கள் வீடுவீடாகச் சென்று மக்களுக்கு அறிவு புகட்ட முயன்றதையும், அம்முயற்சி எவ்விடத்துப் பயன் தந்தது, எவ்விடத்து இடறிற்று என்பதையும் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

தென்காசிக்கு வடக்கே சில மைல் தொலைவில், மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலையில் கடையநல்லூர் இருக்கின்றது. ஏறத்தாழ 90,000 மக்கள் வாழும் நகராட்சி; நெசவாளர் பலர் வாழ்வது; வீடுகள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் தெருக்களை உடையது. அக்காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தென்காசி தனி மாவட்டமாக ஆனபின் அதன்கண் அடங்கிற்று. 2012-இன் கோடை முடிந்து சாரல் தொடங்கும் காலத்தில், இந்நகரும் இதனைச் சூழ்ந்த ஊர்களும் காய்ச்சலால் அல்லலுற்றன. ஒரு வீட்டில் ஒருவர் எழுமுன் மற்றொருவர் படுக்கையில் வீழ்ந்தனர். பாளையங்கோட்டை மேட்டுத்திடலில் உள்ள அரசினர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நோயாளிகள் நாள்தோறும் கொண்டுசெல்லப்பட்டனர். குழந்தைகள் உட்படச் சிலர் மாண்டனர். அவ்வாண்டு தமிழ்நாடு முழுவதிலும் கணக்கில் வந்த டெங்கு நோயாளிகள் 12,826 பேர். இறந்தோர் 66 பேர். இந்திய நாடு முழுமைக்கும் நோயாளிகள் ஏறத்தாழ 50,000 ஆதலின், நாட்டின் நோயாளிகளில் நால்வருள் ஒருவர் தமிழ்நாட்டினராயினர் என்க. தமிழ்நாட்டிலும் திருநெல்வேலி மாவட்டமே அவ்வாண்டிற் பெரிதும் தாக்குண்டது.

நோயின் இயல்பைச் சிறிது கூறுவோம். டெங்கு என்பது 'வைரஸ்' எனப்படும் நச்சுயிரால் விளைவது. அந்நச்சுயிர் நால்வகைப்படும். ஒரு வகையால் நோயுற்று எழுந்தவருக்கு அவ்வகை மீண்டும் வருவதில்லை. ஆனால் பிறிதொரு வகை பின்னர்த் தாக்குமாயின் நோய் முன்னிலும் கடுமையாதல் கூடும். இவ்வியல்பினால், ஒரு முறை டெங்கு கண்ட ஊர் இனி அச்சமில்லை என்று உறங்கலாகாது. கொசு கடித்த நான்கு முதல் பத்து நாட்களுள் காய்ச்சல் தோன்றும். தலைநோவும் கண்ணின் பின்புறத்து வலியும் மூட்டு நோவும் உடன்வரும். காய்ச்சல் தணிகின்ற நேரமே பெரும்பாலும் ஆபத்தான நேரம் என்பதைப் பலர் அறியார். 'சூடு விட்டது, பிழைத்தான்' என்று வீட்டார் மகிழும் அந்நாளிலேதான் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலும் மூக்கிலும் இரத்தம் கசிதல், கைகால் சில்லிடுதல் ஆகிய குறிகள் தோன்றக்கூடும். இந்நோய்க்கெனத் தனி மருந்து இல்லை; காலமறிந்து நீரும் உப்பும் உடலிற் சேர்த்துக் காப்பதே சிகிச்சை. காய்ச்சலைத் தணிக்கப் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஆஸ்பிரின் முதலியன இரத்தக் கசிவை மிகுவிக்கும் ஆதலின் விலக்கத்தக்கன.

இந்நோயைச் சுமந்து செல்வது 'ஈடிஸ் எஜிப்டி' என்னும் கொசு. அதன் உடலிலும் காலிலும் வெண்கோடுகள் காணப்படுவதால் வரிக்கொசு என்று அழைக்கலாம். மலேரியாவைப் பரப்பும் கொசு வேறு. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு வேறு. நம் நாட்டார் பலர் கொசு என்றவுடன் சாக்கடையையே சுட்டுவர். 'எங்கள் தெருவில் சாக்கடை தேங்கி நிற்கிறது, அதைப் பாராமல் எங்கள் அடுக்களையை ஏன் சோதிக்கிறீர்கள்?' என்று கேட்பர். சாக்கடையில் வளரும் கொசுவும் தொல்லை தருவதே. அதனை அகற்றுதல் நகராட்சியின் கடமையே. ஆனால் வரிக்கொசு அவ்வழுக்கு நீரைப் பெரும்பாலும் விரும்புவதில்லை. அது நாடுவது தெளிந்த நீர். அதிலும் வீட்டினுள் நிழலில் அமைந்த நீர். இல்லத்தரசி காலையில் விளக்கிப் பூசிய அண்டாவில் எவ்வளவு தூய நீரை நிரப்பி வைக்கின்றாளோ, அந்நீரே அதற்குப் பிள்ளைத்தொட்டிலாகின்றது. தூய்மையே நலம் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவருக்கு, இஃது ஏற்பதற்கு அரிய செய்தி. சுகாதாரப் பிரசாரம் செய்வோர் முதலில் வெல்லவேண்டிய தடை இதுவேயாகும்.

இக்கொசுவின் வாழ்க்கையை உற்றுநோக்கின், அதனை அழிக்கும் வழியும் அதனுள்ளேயே புலப்படும். பெண்கொசு முட்டைகளை நீரின்மேல் இடுவதில்லை. நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தொட்டியின் ஈரமான உட்சுவரில் ஒவ்வொன்றாக ஒட்டி வைக்கின்றது. நீர் வற்றிச் சுவர் உலர்ந்தாலும் முட்டைகள் சாவதில்லை. பல மாதங்கள் உயிரோடிருந்து, மீண்டும் நீர் ஏறி அவற்றை நனைத்தவுடன் பொரிக்கின்றன. ஆதலின் தொட்டியிலுள்ள நீரைக் கவிழ்த்துவிட்டு உடனே புதுநீர் நிரப்பினால் போதாது. உட்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷினாலோ அழுத்தித் தேய்த்தல் வேண்டும். முட்டையினின்று புழுவும், புழுவினின்று கூட்டுப்புழுவும், அதனின்று கொசுவுமாக மாறி வெளிப்பறக்க, நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாட்களாகும். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுக என்று வல்லுநர் கூறுவது வெறும் மரபுரையன்று. இக்கணக்கைக் கொண்டு வகுத்ததாகும். இன்னொன்று: இக்கொசு நெடுந்தொலைவு பறப்பதில்லை. பொதுவாக ஒரு நூறு, இருநூறு கஜத்துக்குள்ளேயே அதன் வாழ்நாள் முடிகின்றது. நம்மைக் கடிக்கும் கொசு பெரும்பாலும் நம் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ பிறந்ததே. கடிப்பதும் பகலில், காலையிலும் மாலை மயங்குமுன்னும் மிகுதி. இரவிற் கொசுவலைக்குள் உறங்குவோர் பகலில் தறியிலும் திண்ணையிலும் இருக்கும்போதே இதற்கு இரையாகின்றனர்.

இவ்வறிவு எளிதிற் கிட்டியதன்று. கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் பின்லே, மஞ்சட்காய்ச்சலைப் பரப்புவது இக்கொசுவே என்று 1881-இல் கூறியபோது அவரை எள்ளினர். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, வால்ட்டர் ரீட் தலைமையில் சென்ற அமெரிக்கக் குழுவினர் அவர் கூற்றை மெய்ப்பித்தனர். 1901-இல் கார்காஸ் என்னும் இராணுவ மருத்துவர் ஹவானா நகரில் வீடுதோறும் ஆட்களை அனுப்பி, நீர்த்தொட்டிகளை மூடச்செய்தும் மண்ணெண்ணெய் ஊற்றியும் சில திங்கள்களில் அந்நோயை அங்கிருந்து ஓட்டினார். டெங்குவையும் இதே கொசுவே பரப்புகின்றது என்று 1906-இல் ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட் என்பார் கண்டனர். நம் நாட்டிலோ, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் 1960-களில் நோயாளிகளின் இரத்தத்தினின்று டெங்கு நச்சுயிர்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். ஆகவே 2012-இல் கடையநல்லூருக்குச் சென்ற வல்லுநரிடம் அறிவிற்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

அரசினர் பொதுச் சுகாதாரத் துறையின் அதிகாரிகளும், பூச்சியியல் வல்லுநரும், சுகாதார ஆய்வாளரும், பிற மாவட்டங்களினின்று வரவழைக்கப்பட்ட ஊழியரும் நூற்றுக்கணக்கில் அப்பகுதியில் இறங்கினர். தெருத்தெருவாகப் பிரிந்து, வீடுவீடாகப் புகுந்து, தொட்டி, அண்டா, தவலை, பிளாஸ்டிக் டிரம், ஆட்டுரற்குழி, பூச்சட்டித் தட்டு, குளிர்பெட்டியின் பின்புறத் தட்டு, மொட்டைமாடியில் எறிந்த டயர், தேங்காய்ச் சிரட்டை என்று நீர் நிற்கும் இடம் அனைத்தையும் பார்த்தனர். இப்பார்வைக்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. தொட்டியின்மேல் ஆளின் நிழல் விழுந்தவுடன் புழுக்கள் அடியில் இறங்கிவிடும். அவசரக்காரர் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டுப் போவர். பழகியவர் சிறிது நேரம் அசையாது நின்று, மூச்சுவிட அவை மேலே வரும்போது கைவிளக்கின் ஒளியிற் கண்டுகொள்வர்.

கண்டதைக் கணக்கிடவும் முறைகள் உள. சோதித்த நூறு வீடுகளில் எத்தனை வீட்டில் புழு இருந்தது என்பது வீட்டெண். நூறு வீடுகளுக்குப் புழுவுள்ள பாத்திரங்கள் எத்தனை என்பதைப் 'பிரெட்டோ எண்' என்பர். எடுத்துக்காட்டாக, ஒரு தெருவில் 100 வீடு பார்த்து, 12 வீடுகளில் மொத்தம் 20 பாத்திரங்களில் புழு கண்டால், வீட்டெண் 12. பிரெட்டோ எண் 20. இவ்வெண்கள் அதிகாரிகளின் குறிப்பேட்டிலேயே உறங்கிவிடுகின்றன என்பது நம் குறை. தெருமுனையில் ஒரு கரும்பலகையில் வாரந்தோறும் 'இத்தெருவில் 100 வீட்டில் 12' என்று எழுதி வைப்பின், அடுத்த வாரம் அது எட்டாயிற்றா, பதினைந்தாயிற்றா என்று காணும் ஆவல் எவருக்கும் உண்டாகும். எண்ணைப்போல் மக்களை ஈர்க்கும் பிரசாரம் வேறில்லை; கிரிக்கெட் ஆட்டத்தின் ஓட்டக்கணக்கை நோக்கி நிற்கும் கூட்டமே இதற்குச் சான்று.

இனி நாம் முன்னர்க் குறித்த குறைக்கு வருவோம். வல்லுநர் ஒருவர் ஒரு வீட்டிற் புகுந்து, 'அம்மா, இத்தொட்டியில் புழு இருக்கிறது. இந்நீர் முழுவதையும் கொட்டிவிடுங்கள்' என்று கூறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவ்வம்மையோ, குழாயில் நீர் வரும் நாளுக்காகப் பல நாள் காத்திருந்து, விடியுமுன் எழுந்து, குடங்குடமாகப் பிடித்து அத்தொட்டியை நிரப்பியவள். அடுத்து நீர் என்று வரும் என்பது அவளுக்கு உறுதியில்லை. 'கொட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு எதை ஐயா கொடுப்பது? நீர் கொண்டுவந்து தருவீரோ?' என்று அவள் கேட்பாளாயின், அதற்கு விடை சுகாதாரப் புத்தகத்தில் இல்லை. அவள் அறியாமையால் நீரைச் சேமிக்கவில்லை; அறிவினாலேயே சேமிக்கின்றாள். நீர் நாள்தோறும் வாராத ஊரில் சேமியாதவளே பேதை. குழாய் நாள்தோறும் ஒழுங்காக ஓடும் தெருவில் தொட்டிகள் தாமே குறைகின்றன. ஐந்து நாளைக்கு ஒருமுறை ஓடும் தெருவில் அவை பெருகுகின்றன. ஏழு நாளில் முதிரும் கொசுவிற்கு இவ்விடைவெளி எத்துணை வாய்ப்பானது என்று எண்ணிப் பாருங்கள்! அருவி வீழும் மலையின் அடியிலும் வீடுகளில் தொட்டி நிறைந்திருப்பதன் காரணம் இதுவே. மலையில் நீர் மிகுதியாயிருத்தல் வேறு. குழாயில் நாள்தோறும் வருதல் வேறு.

ஆதலின் கேட்போர் நிலையறிந்து கூறும் வல்லுநர் 'கொட்டுக' என்று தொடங்கார்; 'மூடுக' என்று தொடங்குவர். மூடுதல் என்பதும் பெயரளவில் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தலன்று. டிரம்மின் வாயில் பழைய வேட்டித்துணியை இரட்டையாக மடித்து விரித்து, கயிற்றால் இறுகக் கட்டுதல் வேண்டும்; விரலிடை வெளியும் கொசுவிற்கு வாயிலே. புழு கண்ட தொட்டியின் நீரையும் வீணாக்க வேண்டுவதில்லை. வெள்ளைத் துணியில் வடித்து வேறு பாத்திரத்திற் சேர்த்து, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் அந்நீரையே ஊற்றலாம். இவ்வளவும் ஒரு வீட்டில் செய்துகாட்டக் கால்மணி நேரமாகும். துண்டுப் பிரசுரம் கொடுக்க அரை நிமிடமாகும். ஒரு நாளில் இத்துணை வீடு முடிக்கவேண்டும் என்று மேலிடத்தார் வரையறுத்துவிட்டால், ஊழியர் எதனைத் தெரிவர் என்பது வெளிப்படை.

பெரிய தொட்டிகளுக்கு 'அபேட்' என்னும் மருந்தை இடுவர். டெமிபாஸ் என்பது அதன் இரசாயனப் பெயர். நூற்றுக்கு ஒரு பங்கு மருந்து கலந்த மணற்பொடியாயின், பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம் போதும். அஃதாவது ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் மருந்து. இவ்வளவிற்கு உட்பட்டு இடுவது குடிநீருக்கும் ஏற்றதே என்று உலகச் சுகாதார நிறுவனம் ஒப்பியுள்ளது. ஆனால் அதற்கு ஒரு வாடை உண்டு. முன்பின் அறியாத ஒருவர் வந்து குடிநீரில் எதையோ ஊற்றிச் சென்றால், ஊழியர் தெருமுனை திரும்புமுன் அந்நீரை வடிகாலிற் கொட்டுவது மனித இயல்பு. அதனைப் பிடிவாதம் என்று பழித்தல் முறையன்று. அம்மருந்து யாது, எவ்வளவு, புழுவைக் கொல்வது மனிதரைக் கொல்லாதது எவ்வாறு என்பவற்றை, அவ்வூரிலேயே மதிப்புடைய ஒருவர் வாயிலாகச் சொல்லுதல் வேண்டும். பள்ளி ஆசிரியர், ஜமாத்துப் பெரியவர், நெசவாளர் சங்கத்தார், கோயில் தர்மகர்த்தா, குருவானவர் ஆகியோரின் ஒரு சொல், வெளியூர் அதிகாரியின் நூறு சொல்லுக்கு நேராகும்.

மக்களுக்கு மிகப் பிடித்த முறை ஒன்றுண்டு, அது புகையடித்தல். பெருமுழக்கத்தோடு வண்டி வர, வெண்புகை தெருவை நிறைக்க, சிறுவர் அதன் பின் ஓடுவர். எங்கோ ஏதோ நடைபெறுகின்றது என்ற நிறைவும் ஊருக்கு உண்டாகும். நோய் மும்முரமாயிருக்கையில், நச்சுயிர் ஏறிய முதிர்ந்த கொசுக்களைக் கொல்ல அது சிறிது உதவுவதே. ஆனால் தொட்டியிலுள்ள புழுவை அது தொடுவதில்லை; மறுநாள் முதல் புதுக்கொசு பறக்கும். வீட்டார் புகைக்கு அஞ்சிக் கதவைச் சாத்திவிட்டால், வீட்டினுள் அலமாரிக்குப் பின் இருளில் தங்கும் வரிக்கொசுவிற்கு அதுவும் இல்லை. அவ்வாண்டு முதல் அரசினர் பெருமளவில் வழங்கிய நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சலுக்கு நம் முன்னோர் கையாண்ட மருந்து அது. அதனை இகழ்தல் நம் கருத்தன்று. ஆயினும் அதனைப் பருகியோர் டெங்குவினின்று காக்கப்பட்டனர் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவில்லை. ஒரு குவளை பருகிவிட்டோம், இனித் தொட்டியைத் தேய்க்க வேண்டுவதில்லை என்று எண்ணுவோர்க்கு அதனால் தீங்கே விளையும்.

மருந்தும் ஊசியும் இன்றி, மக்கள் அறிவினாலும் நல்ல குடிநீராலும் ஒரு நோயை வேரறுத்தல் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு நரம்புச் சிலந்தியின் வரலாற்றைக் கூறுவோம். காலினின்று நூல்போல் நீண்ட புழு வெளிப்படும் அந்நோய், படிக்கிணறுகளில் இறங்கி நீர் எடுத்துப் பருகிய நம் நாட்டு ஊர்களை நெடுங்காலம் வாட்டிற்று. நீரில் வாழும் 'சைக்ளாப்ஸ்' என்னும் நுண்ணிய பூச்சி அதன் கருவைச் சுமந்திருக்கும். அதனை விழுங்கினோர்க்கு நோய் வரும். அதற்குத் தடுப்பூசியும் இல்லை, தீர்க்கும் மருந்தும் இல்லை. துணியில் வடித்துப் பருகுதல், புழு வெளிப்பட்ட காலோடு கிணற்றில் இறங்காமை, படிக்கிணற்றைவிட்டுக் குழாய்க் கிணற்றிற்கு மாறுதல் ஆகிய இவையே வழி. வீடுவீடாகச் சென்று இதனைக் கற்பித்தனர். 1996-ஆம் ஆண்டு ஜூலையில் இராஜஸ்தானத்தில் கண்ட நோயாளியே இந்தியாவில் இறுதியானவர். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகச் சுகாதார நிறுவனம் நாட்டிற்கு விடுதலைச் சான்று வழங்கிற்று. இங்கும் கற்பித்தலோடு கிணறும் மாறிற்று என்பதை மறத்தலாகாது.

வியப்பான செய்தி யாதெனின், அச்சைக்ளாப்ஸின் இனத்தைச் சார்ந்த 'மீசோசைக்ளாப்ஸ்' என்னும் பூச்சியே டெங்குக் கொசுவிற்குக் கூற்றுவனாயிருப்பது. அது வரிக்கொசுவின் இளம்புழுக்களைப் பிடித்து உண்ணும். வியட்நாம் நாட்டில் வூ சின் நாம் என்னும் அறிஞரும், ஆஸ்திரேலியரான பிரையன் கே என்பாரும், கிராம மக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் கொண்டு இப்பூச்சியைப் பெருந்தொட்டிகளில் விட்டு வளர்த்தனர். 37 கிராமப் பகுதிகளில் முயன்று 32-இல் வரிக்கொசுவை அறவே ஒழித்தனர் என்று 2005-இல் வெளியிட்டனர். அங்கும் மக்கள் நீரைச் சேமிப்பவரே. சேமிப்பதை விடுங்கள் என்று அவர்கள் கூறவில்லை. சேமித்த நீரிலேயே ஒரு காவலாளியை அமர்த்தினர். நம் நாட்டிலும் கிணறுகளில் கம்பூசியா மீனை விடும் வழக்கம் பழையதே.

குற்றாலத்தைப்பற்றியும் கூறுதல் வேண்டும். அருவிக்கரையின் சுகாதாரம் என்றால் சோப்பும் எண்ணெயும் பற்றியே பேசுவது வழக்கமாகிவிட்டது. 2014-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு முதலியவற்றைப் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டது. சிற்றாற்று நீரைக் கீழ்நாட்டார் பயன்கொள்வதால் அது நன்றே. கொசுவின் கணக்கில் நோக்கினாலோ, ஆற்றில் ஓடும் நீரைவிட, கரையில் எறிந்த குவளையில் நிற்கும் நீரே அஞ்சத்தக்கது. ஓடும் நீரில் வரிக்கொசு முட்டையிடாது. சாரற்காலத்தில் பருகி எறிந்த இளநீர்க் கூடு, தேநீர்க் குவளை, பிளாஸ்டிக் பை, கடைகளின் பின்புறத்துக் கிடக்கும் டயர் ஆகியவற்றைத் தூறல் மெல்ல நிரப்புகின்றது. பெருமழையாயின் அடித்துச் செல்லும், சாரலோ நிரப்பி நிறுத்துகின்றது. கணவாய்க்கு அப்பால் கேரள நாட்டில் இரப்பர் மரத்திற் கட்டிய சிரட்டைகளில் இதே இனத்துக் காட்டுக்கொசு வளர்வதை அந்நாட்டார் நன்கு அறிவர். இருபுறத்தாரும் நாள்தோறும் இக்கணவாய் வழியே செல்கின்றனர்; அருவியாட வருவோரும் தத்தம் ஊர் நச்சுயிரைத் தம் இரத்தத்திற் சுமந்து வருதல் கூடும். கடிக்கும் கொசு இங்கு இருப்பின் மற்றது தானே நிகழும்.

சட்டத்தால் திருத்தலாகாதோ எனின், சட்டம் நமக்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகும். கொசு ஒழிப்பிற்கும் திருவிழாக்களின் சுகாதாரத்திற்கும் அதில் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு. 2017-இல் மீண்டும் டெங்கு பரவியபோது, புழு கண்ட வீட்டாரையும் கடைக்காரரையும் பல ஊர்களில் அபராதத்திற்கு உட்படுத்தினர். டயர்களைக் குவித்து வைக்கும் பட்டறைக்காரருக்கும், கட்டடம் கட்டும் குத்தகைக்காரருக்கும் அபராதம் தகும். குழாயில் நீர் வாராத தெருவில் குடத்தில் நீர் வைத்த ஏழைக்கு அபராதம் விதித்தல் எந்த அறத்திற் சேரும் என்பது நமக்கு விளங்கவில்லை. அபராதத்திற்கு அஞ்சியவள் கதவைத் திறவாள். திறவாத கதவிற்குள் எந்த வல்லுநர் புகுந்து கற்பிப்பார்? சிங்கப்பூரில் சட்டம் கடுமையானது. குழாயும் ஓயாது ஓடுகின்றது. தமிழ் உட்பட நான்கு மொழிகளில் அறிவிப்பும் செய்கின்றனர். அங்கு வீட்டெண் மிகவும் தாழ்ந்தது. எனினும் டெங்கு அங்கும் மீண்டும் மீண்டும் தலைதூக்குகின்றது. ஆதலின் எளிதில் முடியும் போர் இது என்று யாம் கூறத் துணியோம்.

2017-இல் தமிழ்நாட்டில் கணக்கில் வந்த நோயாளிகள் 23,294 பேர். இறந்தோர் 65 பேர். 2012-ஓடு ஒப்பிடின், நோயாளிகள் ஏறக்குறைய இருமடங்காயினும் இறந்தோர் தொகை மிகவில்லை. இரத்தப் பரிசோதனை பெருகியதால் நோயாளிகள் கணக்கில் மிகுதியாக வந்திருக்கலாம். மருத்துவமனைக்குக் காலத்தில் வருவதும், அங்குச் சிகிச்சை செய்யும் முறையும் செம்மையுற்றிருக்கலாம். மருத்துவரைப்பற்றி இவ்வெண்கள் நல்லதே கூறுகின்றன. கொசுவைப்பற்றி அவ்வாறு கூறவில்லை. புதுச்சேரியிலுள்ள கொசுவழி நோய் ஆராய்ச்சி நிலையத்தார், 'வொல்பாக்கியா' என்னும் நுண்ணுயிரை ஏற்றிய கொசுக்களை வளர்த்துள்ளதாக 2022-இல் அறிவித்தனர். அந்நுண்ணுயிர் ஏறிய கொசுவின் உடலில் டெங்கு நச்சுயிர் செழிப்பதில்லை. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் இவ்வகைக் கொசுக்களை விட்டு ஆய்ந்ததில் நோய் நூற்றுக்கு 77 பங்கு குறைந்ததாக 2021-இல் வெளியாயிற்று. நம் ஊருக்கு அது வரும்போது வரட்டும்; தொட்டி இன்றைக்கே இருக்கின்றது.

கல்லூரி மாணவர் இதில் என் செய்யக்கூடும் என்று வினவும் அன்பர்க்கு ஒன்று கூறுவோம். சாரல் தொடங்கியபின் காய்ச்சல் வரும்வரை காத்திருத்தல் பயனில்லை. சித்திரையிலேயே, நீர் அருகிச் சேமிப்பு மிகும் காலத்திலேயே, தம் தெருவைத் தாமே சோதிக்கத் தொடங்கலாம். வேண்டுவன ஒரு கைவிளக்கு, ஒரு வெண்ணிற அகப்பை, ஒரு குறிப்பேடு, கயிறு, சில பழந்துணிகள். குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் வரைக: எத்தனை வீடு பார்த்தோம், எத்தனை பாத்திரத்தில் புழு கண்டோம், அவ்வீட்டிற்குக் குழாயில் நீர் கடைசியாக என்று வந்தது. மூன்றாவது கட்டத்தைப் பொதுவாக எவரும் எழுதுவதில்லை. நான்கு வாரம் தொடர்ந்து எழுதிய அப்பக்கங்களைச் சுகாதார ஆய்வாளரிடம் ஒரு படியும், நகராட்சியின் குடிநீர்ப் பகுதிப் பொறியாளரிடம் ஒரு படியுமாகக் கொடுத்தல் வேண்டும்.